டி டிரைவில் எழுத விடாமல் தடுப்பது யார்?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "அண்ணாச்சி, நேற்று வரைக்கும் டி டிரைவில் சேமித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு உபுண்டுவில் நுழைந்தால் படிக்க மட்டும் விடுகிறது, எழுத விடமாட்டேன் என்கிறது. டிஸ்க் போய்விட்டதா?" உபுண்டு என்பது விண்டோஸைப் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை. பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் வேலை நெருக்கடியில் இருக்கும் கடைக்காரர், "ஃபார்மட் செய்துவிடலாம் தம்பி" என்று சொல்லிவிடுகிறார். தம்பியும் தலையாட்டிவிடுகிறான். மூன்று வருடக் குறிப்புகள், புராஜெக்ட், அக்கா கல்யாணப் படங்கள் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. கொஞ்சமும் தேவையில்லாத இழப்பு இது. தடுப்பது எது, ஏன் தடுக்கிறது என்று தெரிந்தால் ஒரு கோப்பைக்கூட இழக்காமல் சரிசெய்துவிடலாம். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் திசையன்விளையிலும் படித்த பிள்ளைகள் பலர் லினக்ஸ் என்ற ஒன்றை முதலில் பார்த்தது அந்தக் கணினியின் தொடக்கத் திரையில்தான். இன்று பொறியியல் மாணவர்கள் உபுண்டுவையோ மின்ட் என்ற இன்னொரு லினக்ஸையோ தாங்களே நிறுவிக்கொள்கிறார்கள். நிறுவுவது சுலபமாகிவிட்டது. நிறுவி முடித்து, இரண்டு இயங்குதளங்களும் ஒரே டிரைவில் கைவைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அனுமதி என்பதைக் கோப்பின் மேல் போட்ட பூட்டாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கோப்போடு சேர்த்து எழுதிவைத்த ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, 'உனக்கு உரிமை உண்டு' என்றோ 'இல்லை' என்றோ தீர்ப்புச் சொல்வது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம். ஒரே நஞ்சைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியாக அடங்கல் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் ஏட்டில் சுப்பையா பெயர் இருக்கும். மற்றவர் ஏட்டில் யார் பெயரும் இருக்காது. வயலில் ஒரு மாற்றமும் இல்லை. வழக்கு முழுவதும் ஏட்டில்தான்.

லினக்ஸின் ஏடு யூனிக்ஸிலிருந்து வந்தது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய அந்த இயங்குதளம், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் வளர்ந்தது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்புகள். ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று உரிமைகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்வார்கள். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டும் செய்யலாம். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது: டிஸ்க்கில் எழுதப்படும் உரிமையாளர் ஒரு பெயர் அல்ல, ஓர் எண். டெபியன் குடும்பத்து லினக்ஸில் முதலில் உருவாகும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அந்தந்த இயங்குதளத்துக்குள் தனியாக இருக்கிறது. டிஸ்க்கை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் எண் கூடவே வரும், பட்டியல் வராது.

விண்டோஸின் ஏடு வேறு மாதிரி. 1993-ல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) ஒவ்வொரு பயனருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம் உண்டு. சாதாரணப் பயனருடையது எஸ்-1-5-21 என்று தொடங்கி, அந்தக் கணினிக்கென உருவான மூன்று பெரிய எண்களைத் தாங்கி, கடைசியில் பயனரின் எண்ணோடு முடியும். ஒவ்வொரு கோப்புக்கும் எந்த எஸ்ஐடிக்கு என்ன உரிமை என்று ஒரு பட்டியல் இருக்கும். மேல் ஃபோல்டரிலிருந்து கீழ் ஃபோல்டருக்கு அது வழிவழியாக இறங்கும். மூன்று தரப்பு, மூன்று உரிமை என்ற லினக்ஸ் கணக்குக்குள் இது அப்படியே அடங்காது. பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமைகள் இரண்டிலும் உரிமையாளர் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் லினக்ஸுக்குள் நுழைந்து டி டிரைவைத் திறக்கும்போது, அங்குள்ள கோப்புகளுக்கு உரிமையாளர் யார்? டிரைவை மவுண்ட் செய்யும், அதாவது இயங்குதளத்தோடு இணைத்துத் திறக்கும் நேரத்தில்தான் அது முடிவாகிறது. 2007-ல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் (என்டிஎஃப்எஸ் டிரைவைப் படிக்கவும் எழுதவும் லினக்ஸுக்கு உதவும் மென்பொருள்) பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது. 2021-ல் வந்த, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.15 பதிப்பில், பாராகான் நிறுவனம் எழுதிய என்டிஎஃப்எஸ்3 என்ற இன்னொரு டிரைவரும் சேர்ந்தது. வழக்கமான அமைப்பில் இரண்டும் விண்டோஸின் உரிமைப் பட்டியலை மதிப்பதில்லை. விண்டோஸிலிருந்து வந்த கோப்புகள் அத்தனைக்கும் ஒரே உரிமையாளர், ஒரே மாதிரியான அனுமதி என்று மேலிருந்து போர்த்திவிடுகின்றன.

மாணவர்களைக் குழப்பும் இடம் இதுதான். கோப்பு மேலாளரில் டிரைவைச் சொடுக்கித் திறந்தால், சொடுக்கியவரே உரிமையாளர் ஆகிவிடுகிறார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சொடுக்குவது சலித்துப்போய், கணினி தொடங்கும்போதே டிரைவ் திறக்கட்டும் என்று எந்த டிரைவை எப்படித் திறப்பது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், மவுண்ட் செய்வது ரூட் என்ற தலைமைப் பயனர் ஆகிவிடுகிறது. என்டிஎஃப்எஸ்-3ஜி எல்லோருக்கும் எல்லா உரிமையும் தந்துவிடும் என்பதால் அங்கே பிரச்சினை வெளியே தெரியாது. என்டிஎஃப்எஸ்3-லும் எக்ஸ்ஃபேட்டிலும் ரூட் மட்டும் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும் என்று வந்து நிற்கும். டிரைவர் மாறிய பிறகு, போன வாரம் வேலை செய்த அதே வரி இந்த வாரம் எழுத விடாமல் போவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

உடனே எல்லோரும் ஓடுவது அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையிடம். ரூட்டின் அதிகாரத்தைத் தரும் சூடோ போட்டு, எல்லோருக்கும் எல்லா உரிமையும் என்ற பொருளில் 777 என்று கொடுத்து, முழு டிரைவுக்கும் ஏவுகிறார்கள். என்டிஎஃப்எஸ்-3ஜி-யில் அந்தக் கட்டளை ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் முடிந்துவிடும். பட்டியலிட்டுப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. கணினி ஏமாற்றுகிறது என்று தோன்றும். அந்த டிரைவரில் 'சைலன்ட்' என்ற அமைப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. அனுமதிகளைக் கையாளச் சொல்லாமல் மவுண்ட் செய்த டிரைவில் அனுமதியை மாற்றச் சொன்னால், எதுவும் செய்யாமல், பிழையும் காட்டாமல் திரும்பிவிடு என்பது அதன் பொருள். போர்வையை விலக்காமல் அடியில் இருப்பதை மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது மவுண்ட் வரியைத்தான்.

அந்த வரியில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை. கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் (டெர்மினல்) ஐடி என்று தட்டினால் உங்கள் எண் தெரியும், பெரும்பாலும் 1000. எஃப்எஸ்டேப்பில் அந்த டிரைவின் விருப்ப அமைப்புகளில் உரிமையாளருக்கு யூஐடி=1000, குழுவுக்கு ஜிஐடி=1000 என்று எழுதுங்கள். கூடவே டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133. மாஸ்க் என்பது பறித்துக்கொள்ளும் உரிமைகளின் கணக்கு. 777-லிருந்து 022 போனால் ஃபோல்டர்களுக்கு 755. 133 போனால் கோப்புகளுக்கு 644. அந்த டிரைவிலிருந்தே புரோகிராம்களை இயக்க வேண்டுமென்றால் எஃப்மாஸ்க்கையும் 022 ஆக்கிக்கொள்ளலாம். நோஃபெயில் என்ற சொல்லையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். அது இல்லாமல், என்றைக்காவது டிரைவ் கிடைக்காமல் போனால் கணினி முழுதாகத் தொடங்காமல் அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். தேர்வுக்கு முந்தின நாள் அந்தத் திரையைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நினைத்தாவது அதை எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்னது உரிமைச் சிக்கல். முதலில் சொன்ன புகாரில், 'நேற்று வரை எழுத முடிந்தது' என்ற பகுதியைக் கவனியுங்கள். அமைப்பில் யாரும் கைவைக்காமல் ஒரே இரவில் எழுதும் உரிமை போனதென்றால், பெரும்பாலும் அது உரிமைச் சிக்கலே அல்ல. லினக்ஸ் தரும் பிழைச்செய்தியைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். 'பெர்மிஷன் டினைடு' என்றால் உங்களுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவராக வந்தால் நடக்கும். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் நீங்கள் கேட்கும் வேலையே அங்கே செல்லாது. ஃபேட்32 பென் டிரைவில் கோப்புக்கு உரிமையாளரை மாற்றப் பார்த்தால் இதுதான் வரும். 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் டிரைவ் முழுவதுமே படிக்க மட்டும் திறந்திருக்கிறது. சூடோ போட்டாலும், ரூட்டாகவே நுழைந்தாலும் எழுத முடியாது. மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள். மூன்றையும் 'பெர்மிஷன் பிராப்ளம்' என்று ஒரே பெயரில் சொல்லி, மூன்றுக்கும் ஒரே கட்டளையை ஏவுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

மூன்றாவது செய்திக்கான மிகப் பெரிய காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-ல் வெளியான விண்டோஸ் 8-லிருந்து இது இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் திறந்திருந்த புரோகிராம்கள் மூடப்படும், பயனரும் வெளியேறுவார். ஆனால் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை. நினைவகத்தில் இருந்ததை ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அடுத்த முறை கணினியை இயக்கினால், புதிதாகத் தொடங்காமல் அந்தக் கோப்பைப் படித்து விழித்துக்கொள்கிறது. அதனால்தான் சீக்கிரம் திரை வருகிறது.

இதில் ஆபத்து எங்கே? டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அந்தத் தூங்கும் நினைவில் இருக்கிறது. நடுவில் லினக்ஸ் நுழைந்து டி டிரைவில் புதுக் கோப்புகளை எழுதிவிட்டால், விழித்தெழும் விண்டோஸுக்கு அது தெரியாது. பழைய கணக்கை நம்பி, புதிதாக எழுதிய இடத்தின் மேலேயே எழுதிவிடும். கோப்புகள் சிதையும், சில வேளை ஃபோல்டரே காணாமல் போகும். அதைத் தடுக்கத்தான் என்டிஎஃப்எஸ்-3ஜி, விண்டோஸின் தகவல்கள் இன்னும் அதன் நினைவில் இருக்கின்றன, டிரைவ் பாதுகாப்பான நிலையில் இல்லை என்று எழுதிவிட்டு, படிக்க மட்டும் திறக்கிறது. எரிச்சலூட்டும் அந்தத் தடை உங்கள் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை ஒவ்வொரு மாணவரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹைபர்ஃபிலை அழித்துவிட்டு வலுக்கட்டாயமாகத் திறக்கும் ஒரு வழி இருக்கிறது. வேறு கதியே இல்லை என்றாலொழிய அந்தப் பக்கம் போகாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்த விண்டோஸில் சேமிக்காமல் விட்டது எதுவாக இருந்தாலும் அதோடு போய்விடும்.

நேர்வழி சுலபமானது. விண்டோஸுக்குள் போய், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிட வேண்டும். அல்லது நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால், நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்கும் ஹைபர்னேஷனையே நிறுத்திவிடலாம். அவசரத்துக்கு, லினக்ஸுக்கு மாறும்போது ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்தாலே போதும். ரீஸ்டார்ட் செய்யும்போது விண்டோஸ் முழுதாகவே அணைகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலும் அப்படித்தான்.

மின்வெட்டும் இதே விளைவைத் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய், பேட்டரி செத்த பழைய மடிக்கணினி பொசுக்கென்று அணைந்தால், டிரைவில் 'சரியாக மூடப்படவில்லை' என்ற அடையாளம் தங்கிவிடும். அந்த அடையாளம் இருக்கும்வரை என்டிஎஃப்எஸ்3 எழுதும் உரிமையோடு திறக்க மறுக்கும். இதற்கு விண்டோஸுக்குள் போய் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டுவதே முறை. லினக்ஸில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைக் கோளாறுகளை மட்டும் சரிசெய்துவிட்டு மீதியை விண்டோஸிடம் விட்டுவிடும்; முழுச் சோதனைக்கு அதை நம்பக் கூடாது.

777 பற்றி இன்னும் ஒரு வார்த்தை. யாரும் எதையும் செய்யலாம் என்று திறந்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் புரோகிராம், மற்றவரும் படிக்கக்கூடிய நிலையில் உங்கள் தனிச்சாவிக் கோப்பு இருந்தால் அதைத் தொடவே மறுக்கும். லினக்ஸ் பார்ட்டிஷனிலிருந்து (டிஸ்க்கில் லினக்ஸுக்கென ஒதுக்கிய பகுதி) டி டிரைவுக்கு நகலெடுத்த, கோப்புகளின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற புரோகிராமின் களஞ்சியத்தில், ஒரு எழுத்துகூட மாற்றாத கோப்புகள் எல்லாம் மாறிவிட்டதாகப் பட்டியலில் நிற்கும். அனுமதி எண் மாறியதையும் கிட் ஒரு மாற்றமாகவே எண்ணுகிறது. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, களஞ்சியத்தின் உரிமையாளர் நீங்கள் இல்லையென்றால் கிட் வேலை செய்யவே மறுக்கிறது. புரோகிராம் எழுதும் வேலையை லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாடல், படம், பிடிஎஃப் போன்றவற்றுக்கு டி டிரைவ் போதும்.

இரண்டு லினக்ஸ்களை வைத்திருப்பவர்களுக்கு வேறு வகைக் குழப்பம். இரண்டிலும் உங்கள் பெயர் முத்துலட்சுமி என்றே இருக்கலாம். ஒன்றில் எண் 1000, மற்றதில் 1001 என்றால், முதலாவதில் எழுதிய கோப்பு இரண்டாவதில் அந்நியருடையது. உரிமையாளர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் எண் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸில் 2011-ல் வந்த 16-ஆம் பதிப்புக்கு முன்பு பயனர் எண்கள் 500-லிருந்து தொடங்கின. அந்தக் காலத்துப் பழைய டிஸ்க்குகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் எண்ணை ஒன்றாக்கிவிட்டு, பழைய கோப்புகளின் உரிமையை ஒருமுறை மாற்றிக்கொடுத்தால் தீர்ந்தது. புதிதாக உருவாக்கிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் எழுத முடியவில்லை என்பதும் இந்த வகைதான். அதன் முதல் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகப் பிறக்கிறது. மவுண்ட் செய்த பிறகு அந்த ஃபோல்டரை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

எக்ஸ்ட்4 டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸுக்கு அதைத் தானாகப் படிக்கத் தெரியாது. பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

விண்டோஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போதும் இந்த ஏட்டுத் தகராறு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது இங்கே யாருக்கும் மறக்காது. அப்படி வெள்ளத்தில் கணினி போய் டிஸ்க் மட்டும் தப்பினால், அதை வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பதுதான் வழி. டி டிரைவாக இருந்த பகுதி தடையில்லாமல் திறக்கும். அதன் உரிமைப் பட்டியலில் 'கணினியில் முறையாக நுழைந்த எவரும்' என்ற, எல்லா விண்டோஸுக்கும் பொதுவான எஸ்ஐடி இருக்கிறது. சி டிரைவில் பயனர் பெயரிலுள்ள ஃபோல்டர் மட்டும், உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லும். அங்கே எழுதியிருப்பது பழைய கணினியில் பிறந்த எஸ்ஐடி; புதிய கணினிக்கு அது முகம் தெரியாத ஆள். நிர்வாகி உரிமையோடு 'கன்டினியூ' அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் டேக்ஓன், ஐகாக்ல்ஸ் என்ற இரண்டு கட்டளைகளால் அந்த ஃபோல்டரின் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சி டிரைவ் முழுவதற்கும் அப்படிச் செய்தால் விண்டோஸே கெட்டுப்போகும்.

இவ்வளவையும் படித்தவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். விண்டோஸின் உரிமைப் பட்டியலை லினக்ஸ் மதிப்பதில்லை என்றால், விண்டோஸில் கடவுச்சொல் போட்டு வைத்த என் ஃபோல்டரை லினக்ஸில் நுழைந்து யாரும் படிக்கலாமா? டிஸ்க்கைக் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) செய்யாதவரை படிக்கலாம். வீட்டில் அப்பாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்திருந்தாலும், ஒரு பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்குகிறவருக்கு இரண்டும் திறந்தே கிடக்கின்றன. மறுபக்கமும் அப்படித்தான். உங்கள் எக்ஸ்ட்4 டிஸ்க்கை வேறொருவரின் லினக்ஸில் மாட்டினால், அங்கே 1000 என்ற எண்ணுக்கு உரியவர் யாரோ அவரே உங்கள் கோப்புகளின் உரிமையாளர். பழுது பார்க்கக் கொடுக்கும் மடிக்கணினியில் வங்கி விவரங்களும் ஆதார் நகலும் இருக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

உண்மையான பூட்டு வேண்டுமென்றால் குறியாக்கம் செய்ய வேண்டும். லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லாக்கர். இப்போது வரும் விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் குறியாக்கம் வாங்கும்போதே இயக்கப்பட்டிருக்கிறது. உரியவருக்கே அது தெரிவதில்லை. அப்படிப்பட்ட கணினியில் பார்ட்டிஷனைச் சுருக்கி லினக்ஸ் நிறுவும்போதோ, கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸின் அமைப்பை மாற்றும்போதோ, விண்டோஸ் திடீரென்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் எந்தக் கட்டளையாலும் எந்தக் கடையிலும் அந்த டிரைவைத் திறக்க முடியாது. ஆகவே லினக்ஸ் நிறுவும் பென் டிரைவைச் செருகுவதற்கு முன்பு, விண்டோஸ் அமைப்புகளில் குறியாக்கம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல் வீட்டில் வேறிடத்தில் வையுங்கள்.